உள்ளபடியாரும் நாற்பது ரங்கூன் டின்களும்

உலகத்தில் உண்மை பேசியவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். சரித்திரம் அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் உண்மையைத் தராசில் வைத்து, அவுன்ஸ் கணக்காக நிறுத்து, மூன்று நகல் எடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர் ஆதாம் காலத்திலிருந்து இன்றுவரை ஒரே ஒருவர்தான். அவர் ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, கூட்ஸ் ஷெட்டைப் பார்த்தபடி இருந்த எங்கள் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் 'உள்ளபடியார்'. "உள்ளபடி எழுதுங்க, உள்ளபடி எழுதுங்க" என்று நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார். அதனால் வந்த பெயர். அதை முதலில் வைத்தது யார், எந்த ஆண்டு என்று பிற்பாடு நான் விசாரித்துப் பார்த்தேன். மூன்று பேர் தாங்கள்தான் என்று உரிமை கொண்டாடினார்கள். மூவரும் சொன்ன ஆண்டுகள் வேறு வேறு. அதில் ஒருவர் சொன்ன ஆண்டில் உள்ளபடியார் ஆம்பூருக்கே வந்திருக்கவில்லை.

எங்கள் ஆபீஸின் வேலை எளிமையானது. சுற்றுவட்டாரத்துத் தோல் ஷாப்புகளிலிருந்து பதனிட்ட தோல் வரும். (தோல் ஷாப்பு என்றால் கடை என்று வெளியூர் வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) அதைச் சிப்பமாகக் கட்டி, ரயிலேற்றி, சென்னைத் துறைமுகத்துக்குக் காகிதங்களோடு அனுப்புவோம். ரயில் ரசீது என் பொறுப்பு. சுங்கக் காகிதம் உள்ளபடியார் பொறுப்பு. அவர் அதற்கு முன்னால் துறைமுகத்தில் பல வருஷம் எடை குமாஸ்தாவாக இருந்தவர். கடல் ஓரத்து உத்தியோகம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொடுக்கும். இவருக்கு டிக்ளரேஷனை, அதாவது இருப்பதை இருக்கிறபடி அறிவித்துக் கையெழுத்திடும் வியாதியைக் கொடுத்துவிட்டது.

"நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட்டு இவரிடமிருந்து தப்பிக்க முடியாது. "இடது முழங்கால் நீங்கலாக நல்லா இருக்கேன். நேத்து ராத்திரி தூக்கம் கம்மி. பல்லு ஒண்ணு ஆடுது, எந்தப் பல்லுன்னு சொல்லட்டுமா?" என்பார். சொல்ல வேண்டாம் என்றாலும் வாயைத் திறந்து காட்டுவார்.

ஒருமுறை ஆற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்த ஊர் இனிப்போடு ரயிலில் திரும்பினார். ஆம்பூர் நிலையத்தில் டிக்கெட் கலெக்டர் பேச்சுக்கு, "கையில இன்னா சார் பொட்டலம்?" என்று கேட்டுவிட்டார்.

"மக்கன் பேடா. அஞ்சரை."

"அரை எப்படி சார் வரும்?"

"ஆறு வாங்கினேன். ஒண்ணுல பாதி இங்க இருக்குது. மீதிப் பாதி காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவுல உள்ள போய்டுச்சு. அதையும் சேர்த்து எழுதிக்கிறதுன்னா எழுதிக்கங்க."

அன்று முதல் உள்ளபடியார் வரும்போதெல்லாம் அந்த மனிதர் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் டைப்பிஸ்டுக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் ரயில்வேக்காரர். ஆபீஸில் எல்லோரிடமும் பையனைப் பற்றி எழுதிக் கேட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பையன் தங்கம் என்று எழுதினோம். உள்ளபடியார் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை: 'சிரித்த முகம். எழுத்துப் பிழை கம்மி. கோபம் வருமா என்று பரிசோதிக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரையிலான குணத்துக்கு மட்டுமே நான் பொறுப்பு.' டைப்பிஸ்ட் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெண் வீட்டார் வந்து தட்டை மாற்றிக்கொண்டார்கள். "தங்கம்னு எல்லாரும்தான் எழுதுவாங்க. பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறவர் இவர் ஒருத்தர்தான். இவர் இருக்கிற ஆபீஸ்னா பையனை நம்பலாம்" என்றாராம் அந்த ரயில்வேக்காரர்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பஷீர் நாற்பது டின்களோடு வந்து மாட்டிக்கொண்டான்.

பஷீர் சிறு வயதிலிருந்தே ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். ஈரத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழிக்குள் இறங்கிப் புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். சுண்ணாம்பு அவன் கால்களைத் தின்றுவிட்டது. பாதம் முழுவதும் பாளம் பாளமாக வெடித்து, நடக்கும்போது தரையில் ஈரம் படும். இனிமேல் குழியில் இறங்கினால் காலே மிஞ்சாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. ரங்கூனில் இருந்த அவன் மச்சான்தான் ஒரு வழி பார்த்தான். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரருக்கு நம் பக்கத்து மிளகாய், கொத்தமல்லி, புளி, வெல்லம் வேண்டும். மொத்த மண்டியில் வாங்கி, வகைக்குப் பத்து டின்னாக நாற்பது டின் கட்டி, குறிப்பிட்ட சனிக்கிழமைக் கப்பலில் அனுப்பினால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். கப்பல் தவறினால் வேறு ஆளுக்குச் சொல்லிவிடுவார். பஷீருக்கு ஒரு பக்கம் அந்தக் கப்பல், மறுபக்கம் சுண்ணாம்புக் குழி. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

இங்கே ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாயிற்று. அதுவரை ரங்கூனுக்கு மூட்டை அனுப்புவது கிட்டத்தட்ட காட்பாடிக்கு அனுப்புவது போலத்தான். பஷீர் எங்கள் ஆபீஸ் படியேறியது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

"ரங்கூன் தானே ஐயா? ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும்னு மச்சான் சொன்னான்."

"உன் மச்சான் எப்ப சொன்னான்?"

"பொங்கலப்போ."

"பொங்கலப்போ அது நம்ம நாடு. இப்போ வெளிநாடு."

"கடல் அதே கடல் தானே ஐயா?"

"கடல் அதே கடல். ஃபாரம் வேற" என்று உள்ளபடியார் மேஜை டிராயரை இழுத்தார்.

வரி புதிதாக ஏதும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் காகிதம் உண்டு. ஒவ்வொரு டின்னுக்கும் குறி, எண், உள்ளே இருப்பது என்ன, டின்னோடு எடை, டின் நீங்கலாக எடை, சரக்கு எந்த ஊரில் விளைந்தது. வேறு குமாஸ்தாவாக இருந்தால் 'மளிகை, நாற்பது டின்' என்று எழுதி, துறைமுகத்தில் கேள்வி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். உள்ளபடியார் மறுநாள் காலையிலேயே பஷீரையும் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார். நான் எதற்கு என்று கேட்டேன். சாட்சிக்கு என்றார்.

மண்டிக்காரர் கல்லாவில் உட்கார்ந்து அப்போதுதான் வெற்றிலையை மடித்திருந்தார்.

"இந்த மிளகாய் எந்த ஊரு?" என்று கேட்டார் உள்ளபடியார்.

"மண்டி மிளகா சார்."

"மண்டியிலயே வெளஞ்சுதா?"

"வண்டியில வந்துச்சு."

"வண்டி எங்கேருந்து வந்துச்சு?"

மண்டிக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "சார், ஒண்ணு பண்ணுங்க. மூட்டையப் பிரிச்சுக் கொட்டிடறேன். ஒவ்வொரு மிளகாயா உக்கார வெச்சு, நீ எந்த ஊரு, உன் அப்பன் எந்த ஊருன்னு நீங்களே கேட்டுக்கங்க. இன்னா பேஜாரா கீது காலங்காத்தால!"

உள்ளபடியார் கோபிக்கவில்லை. வண்டிக்காரன் திரும்பி வரும்வரை ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரனிடம் கேட்டார். அவன் சொன்ன தரகரிடம் போனார். வெயில் உச்சிக்கு வரும்போது மிளகாய் பிறந்த ஊர், புளி இறங்கி வந்த மலை, வெல்லம் காய்ச்சிய ஆலை எல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏறியிருந்தன. பிறகு ஆபீஸ் முற்றத்தில் சரக்கைச் சலித்து, காம்பையும் தூசியையும் தட்டான் தராசில் நிறுத்தார். 'கண்ணுக்குத் தப்பிய தூசி ராத்தலுக்குக் கால் அவுன்ஸ் இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதினார். வெறும் டின்னை ஒரு எடை, மூடியை ஒரு எடை, ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகு ஒரு எடை. பஷீர் என்னிடம் மெல்ல, "சார், ஐயா என்னையும் நிறுத்திடுவாரா?" என்று கேட்டான்.

செவ்வாய்க்கிழமை மாலை நாற்பது டின்களும் பற்றவைக்கப்பட்டு வரிசையாக நின்றன. உள்ளபடியார் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை பிற்பகல் கூட்ஸில் ஏற்றினால் சனிக்கிழமைக் கப்பலைப் பிடித்துவிடலாம். பஷீர் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். உள்ளபடியார் வழக்கம்போல் சிப்ப அறைச் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். சணல், ஊசி, சாக்கு, அந்துருண்டை. அந்துருண்டைப் பெட்டியருகே வந்தவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு சிப்ப மேஸ்திரி சின்னப்பனைக் கூப்பிட்டார். சின்னப்பன் தோல் சிப்பம் கட்டுவதில் ஆம்பூரிலேயே கைதேர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார் என்று சொல்வார்கள். அது பாராட்டு என்றுதான் அன்றுவரை நாங்கள் நினைத்திருந்தோம்.

"மேஸ்திரி, நேத்து தோல் சிப்பம் எத்தினி போட்டீங்க?"

"நேத்து ஏதுங்க தோலு? நாள் பூரா நம்ம பஷீர் பாய் டின்னுதானே."

"அப்போ எண்பது அந்துருண்டை எங்க போச்சு?"

சின்னப்பன் யோசித்தார். பிறகு தன் வலது கையை மெதுவாக முகத்துக்கு எதிரே தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

தோல் சிப்பத்தில் பூச்சி விழாமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு அந்துருண்டை போடுவது வழக்கம். முப்பது வருஷமாக அந்தக் கை அடுக்கைக் கண்டால் உருண்டையைப் போட்டிருக்கிறது. நேற்றும் போட்டுவிட்டது. துணிப் பைகளில் கட்டிய மிளகாய், அதன்மேல் ஒரு உருண்டை. இன்னொரு அடுக்கு, இன்னொரு உருண்டை. டின்னுக்கு இரண்டு. நாற்பது டின்னுக்கு எண்பது. கணக்கு மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"நான் போடலிங்க. கை பாட்டுக்குப் போட்டுடுச்சு" என்றார் சின்னப்பன். 

யாரும் சிரிக்கவில்லை. பஷீர் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டான். உள்ளபடியார் கையெழுத்துப் போட்ட மூன்று நகல்களையும் எடுத்து மேஜைமேல் விரித்தார். கொலை செய்துவிட்டு வந்தவர்போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். "மண்டிக்காரன் இன்னா போட்டான்னு மூணு நாளு பார்த்தேன். நம்ம ஆளு இன்னா போடறான்னு பார்க்கலை."

உண்மையை எழுதினால், தின்கிற சரக்கில் அந்துருண்டை என்று துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிரித்து மறுபடியும் கட்டினால் வியாழக்கிழமைக்குள் முடியுமா என்பது சந்தேகம். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும்.  கடைசியில் சின்னப்பன்தான் ஆரம்பித்தார்.

"கப்பல்ல போய்ச் சேர்றதுக்குள்ள வாசனை போய்டும்ங்க. மூடின டின்னு. யாருக்குத் தெரியும்?"

உள்ளபடியார் பஷீரைப் பார்த்தார். பஷீர் தலையைத் தூக்காமல் பேசினான்.

"ஐயா, ஒரு வரிதானே. எழுதாம வுட்டுடுங்க."

"வுட்டா?"

"வுட்டா நான் பொழைச்சிக்குவேன்."

"தின்றவன்?"

பஷீர் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து, நின்று, சரக்கு இறக்கி, திரும்பிப் போயிற்று. அவ்வளவு நேரம். பிறகு அவன் எழுந்தான். "டின்னைப் பிரிக்கத் தகரக்காரரைக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு வெடித்த காலோடு பஜார் பக்கம் ஓடினான்.

அன்று எங்கள் ஆபீஸில் தோல் வேலை நின்றுவிட்டது. முற்றம் முழுவதும் கோணிப்பை விரித்து, டின்களை வெட்டித் திறந்து, பைகளைப் பிரித்து வெயிலில் கொட்டினோம். டைப்பிஸ்ட் புளியைப் பிய்த்தார். நான் கொத்தமல்லியைப் புரட்டினேன். சின்னப்பன் எண்பது உருண்டைகளையும் தானே பொறுக்கி எடுத்து, இரண்டு தடவை எண்ணி, ஒரு சட்டியில் போட்டு, யாரும் கேட்காமலே அந்தச் சட்டியைத் தெருக்கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை வாசனை போய்விட்டது என்று எங்கள் மூக்குகள் ஏகமனதாகத் தீர்மானித்தன. உள்ளபடியார் ஏற்கவில்லை. "ரெண்டு நாளா இதுலயே கிடக்குது உங்க மூக்கு. அதோட சாட்சி செல்லாது. தின்னு பார்த்துத்தான் எழுதணும்" என்றார்.

"நாப்பது டின்னையுமா ஐயா?"

"நாப்பது டின்னுக்குத்தானே கையெழுத்து?"

கொத்தமல்லியில் தொடங்கினார். பத்து டின்னிலும் ஒவ்வொரு சிட்டிகை, மென்று, யோசித்து, 'சரி' என்று எழுதினார். புளி பத்து. எட்டாவது புளிக்கு அவர் பற்கள் கூசி, 'சரி' என்று வாயால் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினார். ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல்லும் தலையோடு சேர்ந்து ஆடியது. பிறகு மிளகாய். ஒரு மனிதன் வெறும் வயிற்றில் பத்து வரமிளகாயை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்து அபிப்பிராயம் சொல்வதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நாலாவதில் காது சிவந்தது. ஆறாவதில் கண்ணீர் ஃபாரத்தில் விழாமலிருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே எழுதினார். ஒன்பதாவது டின்னை அவர் தொட்டபோது சின்னப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, வோணாங்க. தப்பு என் கையி. நான் தின்றேன்."

"உங்க கையெழுத்தா போடப்போறோம்?" என்றுவிட்டு ஒன்பதாவதையும் கடித்தார். பத்தாவதையும் கடித்தார்.

வெல்லம்தான் காலை வாரிவிட்டது. ஒரே இரவில் அது அந்துருண்டையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டிருந்தது. முதல் கட்டியை வாயில் போட்டவர் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். மீதி ஒன்பதையும் அதேபோல் பார்த்தார். பார்க்காமல் எழுதக் கூடாதாம். பத்து டின் வெல்லமும் நின்றது. முப்பது டின்கள் மறுபடியும் எடை போடப்பட்டு, ஈயம் வைக்கப்பட்டு, கூட்ஸ் வண்டி ஊதும்போது ஏறின. உள்ளபடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஷீரோடு சென்னைக்குக் கிளம்பினார். காகிதத்தைத் தபாலில் அனுப்பினால் போதாதா என்று நான் கேட்டேன். "கேள்வி கேட்டா காகிதம் பதில் சொல்லாது" என்றார்.

துறைமுகத்தில் நடந்ததைப் பஷீர்தான் பிறகு சொன்னான். சுங்க அதிகாரி காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றாராம். அங்கே இப்படி எழுதியிருந்தது: 'வெல்லம் பத்து டின், அந்துருண்டை வாசனை காரணமாக அனுப்பப்படவில்லை.'

"இன்னாய்யா இது? வராத சரக்குக்கு எதுக்குய்யா டிக்ளரேஷன்?"

"வரவேண்டியது வரலை சார். ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சந்தேகம் வந்து சில டின்களை உடைக்கச் சொன்னார். எடை சரியாக இருந்தது. தூசிகூட எழுதியபடி இருந்தது. நாலாவது டின்னை உடைக்கப்போன ஆளை அதிகாரி தடுத்தார். "வுடுப்பா. இந்த ஆள் இன்னும் ரெண்டு நிமிஷம் இங்க நின்னா நான் காலையில இன்னா சாப்ட்டேன்னு என் வாயாலயே சொல்லிடுவேன்" என்றாராம்.

பஷீர் அதற்குப் பிறகு சுண்ணாம்புக் குழி பக்கம் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூன் கடைக்காரர் முப்பது டின்னையும் எடுத்துக்கொண்டு, வெல்லத்தை அடுத்த கப்பலில் அனுப்பச் சொன்னார். காகிதத்தின் ஒரு நகலையும் கூடவே அனுப்பச் சொன்னார், கடைக்கு வருகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டு வாங்குகிறார்களாம். அந்தப் பத்து டின் வெல்லம் மட்டும் எங்கள் ஆபீஸ் மூலையில் வெகுநாள் கிடந்தது. எறும்பு ஏறாத வெல்லத்தைப் பார்க்க வாணியம்பாடியிலிருந்துகூட ஆள் வந்தார்கள்.

ஆனால் எனக்கு அதிகமாக நினைவில் நிற்பது அவர்கள் சென்னையிலிருந்து திரும்பிய திங்கட்கிழமைதான். நாலு நாளில் உள்ளபடியார் பாதியாக இளைத்திருந்தார். மிளகாய் வயிற்றில் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவரிடம் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "போச்சா?" என்று கேட்டோம்.

"போச்சு" என்றார். எத்தனை மணிக்கு, எந்தத் துறையில், எத்தனை அவுன்ஸ் என்று எதுவும் சொல்லவில்லை. நேராகப் போய் சுவரோரத்துப் பெஞ்சியில் படுத்தார். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார்.

பஷீர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். காகிதம் கேட்டு வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினான். "அப்புறம் வா பாய். ஐயா தூங்கறாரு." ஒரு தோல் ஷாப்பு முதலாளியையே அப்படித் திருப்பி அனுப்பினான். சின்னப்பன் சிப்ப அறையில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஊசி வேலை மட்டும் பார்த்தார்.

நாலரை மணி கூட்ஸ் வரும் நேரம் ஆயிற்று. அது எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்துதான் ஊதும். நான் எழுந்து போய், சத்தம் போடாமல், ஜன்னல் கதவுகள் இரண்டையும் சாத்தினேன்.